ஹைட்ராக்சில் எங்கே ஒட்டியிருக்கிறது?

நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு, புதினா உப்பு என்ற பெயர்களில் இரண்டு வெள்ளைப் படிகங்கள் விற்பார்கள். சோற்றுக்குப் போடும் உப்போடு இவற்றுக்கு எந்த உறவும் கிடையாது. இரண்டும் கார்பன் சேர்மங்கள். ஓம உப்பு வேதியியலில் தைமால், புதினா உப்பு மெந்தால். தைமால் உருக ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், மெந்தாலுக்கு 42 டிகிரி. தனித்தனிச் சீசாக்களில் வைத்தால் கத்திரி வெயில் தவிர்த்த நாட்களில் இரண்டும் திடமாகவே கிடக்கும். இரண்டிலும் சம அளவு எடுத்து ஒரே சீசாவில் போட்டு மூடிக் குலுக்கிப் பாருங்கள். முதலில் படிகங்களின் ஓரம் ஈரமாகும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் குழைய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் சீசாவின் அடியில் நிறமில்லாத, தெளிந்த திரவம் நிற்கும். அடுப்பில் வைக்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. இதோடு பச்சைக் கற்பூரமும் சேர்த்துத் தலைவலிக்கும் சளிக்கும் தைலமாகப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

இந்த இரண்டின் அமைப்பையும் அருகருகே வரைந்து பார்த்தால் வியப்பு கூடும். இரண்டிலும் பத்து கார்பன் அணுக்கள். ஆறு கார்பன்களால் ஆன ஒரு வளையம். அதன் ஒரு முனையில் மெத்தில் தொகுதி, நேர் எதிர் முனையில் ஐசோபுரோப்பைல் தொகுதி. அதற்கு அடுத்த கார்பனில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி. இடம் பிசகாமல் இரண்டிலும் இதே சட்டகம்தான். வேறுபாடு ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும். தைமாலின் வளையம் பென்சீன் வளையம். மெந்தாலில் அந்த ஆறு ஹைட்ரஜன்களும் ஏறி, வளையம் இரட்டைப் பிணைப்பே இல்லாமல் நிறைவுற்றிருக்கிறது. தைமாலுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி மெந்தால் தயாரிப்பது தொழிற்சாலைகளில் நடைமுறையில் உள்ள வழி.

அப்படியானால் சீசாவுக்குள் என்ன நடந்தது? தைமாலின் ஹைட்ராக்சில் பென்சீன் வளையத்தில் ஒட்டியிருப்பதால் அதன் ஆக்சிஜனிலுள்ள எலக்ட்ரான்களில் ஒரு பங்கை வளையம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. விளைவாக, அந்த ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை கூடி, வேறோர் ஆக்சிஜனைப் பற்றத் துடிக்கிறது. மெந்தாலின் ஆக்சிஜனுக்கு அந்த இழப்பு கிடையாது. அதன் எலக்ட்ரான்கள் முழுமையாக அதனிடமே இருப்பதால், வருகிற ஹைட்ரஜனை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. தைமால் தைமாலைப் பிடிப்பதைவிட, மெந்தால் மெந்தாலைப் பிடிப்பதைவிட, தைமால் மெந்தாலைப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு வலியது. சொந்த இனத்தோடு அடுக்கிக் கட்டிய படிகங்கள் இரண்டும் குலைந்துபோகின்றன.

இரண்டும் ஒரே வகையாக இருந்திருந்தால் இந்தக் கூடுதல் பிடி வந்திருக்காது. தைமால் ஒரு பீனால். மெந்தால் ஓர் ஆல்கஹால். பிளஸ் டூ வேதியியலில் ஹைட்ராக்சி சேர்மங்களை வகைப்படுத்தும் அட்டவணையில் இந்தப் பிரிவினையும் உண்டு. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அந்த அட்டவணையின் பெரும்பாலான கோடுகளுக்குப் பின்னால், மூலக்கூறில் எந்தப் பிணைப்பு எவ்வளவு எளிதில் உடைகிறது என்ற சோதனைச் சாலை உண்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அட்டவணையை மட்டும் கொடுப்பது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

ஹைட்ராக்சிலைச் சுற்றி முறியக்கூடிய பிணைப்புகள் மூன்று. ஆக்சிஜனுக்கும் அதன் ஹைட்ரஜனுக்கும் இடையில் ஒன்று. ஆக்சிஜனுக்கும் அதைத் தாங்கும் கார்பனுக்கும் இடையில் இன்னொன்று. அந்தக் கார்பனுக்கும் அதில் ஒட்டியுள்ள ஹைட்ரஜனுக்கும் இடையில் மூன்றாவது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே வரிசையாக வந்து நிற்கும்.

முதல் பிணைப்பிலிருந்து பெரிய பிரிவினை பிறக்கிறது. ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பன் நிறைவுற்றது என்றால் அந்தச் சேர்மம் ஆல்கஹால். பென்சீன் போன்ற அரோமேட்டிக் வளையத்தின் கார்பன் என்றால் பீனால். அரோமேட்டிக் அல்லாத இரட்டைப் பிணைப்பின் ஒரு முனை என்றால் ஈனால். இன்னோர் ஆக்சிஜனையும் இரட்டைப் பிணைப்பால் பிடித்திருக்கும் கார்பன் என்றால் கார்பாக்சிலிக் அமிலம். அதற்கு ஹைட்ராக்சில் இருந்தும் ஆல்கஹால் குடும்பத்தில் இடம் கிடையாது. ஹைட்ரஜன் பிரிந்து போனபின் ஆக்சிஜன் மேல் தங்கும் எதிர்மின்சுமையை யார் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதே இங்கே கேள்வி. எத்தனாலில் பகிர ஆளில்லை. பீனாலில் வளையம் பகிர்கிறது. அதனால் பீனாலின் அமிலத்தன்மை எத்தனாலைப் போல ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு. அசிட்டிக் அமிலத்தில் இரண்டு ஆக்சிஜன்களும் சுமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. பீனாலைவிட அது லட்சம் மடங்குக்கும் மேல் வலிய அமிலம்.

சோதனைக் குழாயில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சோடியம் உலோகத்தை இட்டால் ஆல்கஹால், பீனால், அமிலம் மூன்றுமே ஹைட்ரஜன் வாயுவை விடும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பீனாலும் அமிலமும் உப்பாக மாறிக் கரையும், ஆல்கஹால் மாறாது. சமையல் சோடா கரைசலில் அமிலம் மட்டும் நுரைத்துப் பொங்கும், பீனால் பேசாமல் இருக்கும். ஓமத்திலிருந்து வடித்த எண்ணெயிலிருந்து தைமாலைத் தனியே எடுக்கும் பழைய முறை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. எண்ணெயைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு குலுக்கினால் தைமால் மட்டும் நீருக்குள் இறங்கிவிடும். மற்ற டெர்பீன்கள் மேலே மிதக்கும். கீழ் அடுக்கைப் பிரித்து அமிலம் விட்டால் தைமால் மறுபடி வெளியே வந்து படிகமாகும். மெந்தாலை இப்படிப் பிரிக்க முடியாது.

பீனாலுக்கு அமிலம் என்ற பெயர்தான் முதலில் கிடைத்தது. 1834ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லீப் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் கார்பாலிக் அமிலம் என்றார். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்கு இந்தக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். அந்தக் காலத்தில் இத்தகைய காயம் சீழ் பிடித்தால் காலை வெட்டுவார்கள், அல்லது நோயாளி இறப்பார். அந்தச் சிறுவன் ஆறு வாரத்தில் தேறினான். கிருமிநீக்க அறுவை சிகிச்சையின் வரலாறு அந்தக் காயத்திலிருந்து தொடங்குகிறது. நம் வீடுகளில் தரை துடைக்கும் பினாயிலிலும் இந்தப் பிரிவினை உண்டு. கறுப்புப் பினாயிலில் வேலை செய்பவை நிலக்கரித் தாரிலிருந்து வரும் கிரெசால் போன்ற பீனால்கள். வெள்ளைப் பினாயிலின் அடிப்படை பைன் மர எண்ணெய். அதில் முதன்மையான டெர்பினியால் ஓர் ஆல்கஹால்.

ஒரே மூலக்கூறில் இரண்டு, மூன்று வகைகள் சேர்ந்திருப்பதும் உண்டு. புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலத்தில் இரண்டு அமில ஹைட்ராக்சில்களும் இரண்டு ஆல்கஹால் ஹைட்ராக்சில்களும் உள்ளன. சாலிசிலிக் அமிலத்தில் ஒன்று அமிலம், ஒன்று பீனால். 1897ல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹோஃப்மான் அந்தப் பீனால் ஹைட்ராக்சிலை மட்டும் அசிட்டைல் தொகுதியால் மூடினார், கிடைத்தது ஆஸ்பிரின். பீனால் ஹைட்ராக்சில் வெளியே தெரிந்தால் ஃபெரிக் குளோரைடு கரைசல் ஊதாவாகும். நல்ல ஆஸ்பிரின் நிறம் தராது. ஈரம் பட்டுக் கெட்டுப்போன மாத்திரை வினிகர் வாடை அடிக்கும், ஊதாவும் காட்டும். மூடி கழன்று பீனால் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது வைட்டமின் சி. நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் இந்த அஸ்கார்பிக் அமிலத்தில் கார்பாக்சிலிக் தொகுதி கிடையாது. இருக்கும் நான்கு ஹைட்ராக்சில்களில் இரண்டு ஈனால், இரண்டு சாதாரண ஆல்கஹால். அமிலத்தன்மை முழுவதும் ஓர் ஈனாலிலிருந்து வருகிறது. அருகிலுள்ள கார்பனைல் தொகுதி அதன் மின்சுமையைப் பகிர்ந்துகொள்வதால் அசிட்டிக் அமிலத்தையே அது மிஞ்சுகிறது. ஹைட்ராக்சிலின் குணத்தை அதன் அண்டை அணுக்கள் எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பிரிவினை ஆல்கஹால்களுக்குள்ளேயே நடப்பது. ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் இணைந்திருக்கின்றன? ஒன்று என்றால் ஓரிணைய ஆல்கஹால், எத்தனால் அப்படி. இரண்டு என்றால் ஈரிணையம். கைகழுவும் திரவங்களில் வரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெந்தால், நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் ஆகியவை இந்த வகை. மூன்று என்றால் மூவிணையம். மல்லிகை மணத்தில் பங்குள்ள லினலூலும், மேலே சொன்ன டெர்பினியாலும் மூவிணையமே. மெத்தனாலின் கார்பனோடு வேறு கார்பனே கிடையாது. வசதிக்காக அதை ஓரிணையத்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரிவினை பொருள்கள் கையில் கிடைக்கும் முன்பே காகிதத்தில் பிறந்துவிட்டது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்பர்க் நகரில் பணியாற்றிய ஹெர்மன் கோல்பே, அறியப்பட்ட ஆல்கஹால்களின் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக மெத்தில் தொகுதியால் மாற்றினால் புதிய இரண்டு இனங்கள் வரவேண்டும் என்று கணித்தார். அவை எப்படி ஆக்சிஜனேற்றம் அடையும் என்றும் முன்கூட்டியே எழுதினார். 1862ல் பாரிசில் சார்ல் ஃபிரீடல் அசிட்டோனை ஒடுக்கி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தயாரித்தார். கோல்பே சொன்ன ஈரிணைய ஆல்கஹால் அதுதான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ரஷ்யாவின் கசான் நகரில் அலெக்சாண்டர் பட்லெரோவ், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டைமெத்தில் துத்தநாகத்தைக் கையாண்டு, மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைப் பெற்றார். அணுக்கள் மூலக்கூறில் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை அறியமுடியும் என்று உறுதியாக நம்பியவர் பட்லெரோவ். கோல்பேயோ அந்த நம்பிக்கையைக் கடைசிவரை எதிர்த்தவர். மூலக்கூறுகளுக்கு முப்பரிமாண வடிவம் உண்டு என்ற வேதியியலாளர் வான்ட் ஹோஃபின் கருத்தை 1877ல் அச்சில் கடுமையாகச் சாடியவரும் அவரே. தான் ஏற்காத கொள்கைக்கு மிக வலுவான சான்றைத் தன் கணிப்பாலேயே கொடுத்துவிட்டார்.

இங்கே வேலை செய்வது மூன்றாவது பிணைப்பு. ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்ய, ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழலவேண்டும். ஓரிணையத்தில் அங்கே இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளன. ஒன்று போனால் ஆல்டிஹைடு; அதுவும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அமிலம். கள் புளித்து வினிகர் ஆவது இந்தப் பாதையில்தான். 1954ல் அமெரிக்காவில் ராபர்ட் போர்கென்ஸ்டைன் வடிவமைத்த மூச்சுச் சோதனைக் கருவியும் இதையே பயன்படுத்தியது: குடித்தவர் ஊதினால் ஆரஞ்சு நிற டைக்குரோமேட் அவர் மூச்சிலுள்ள எத்தனாலை அமிலமாக்கித் தான் பச்சையாகும். ஈரிணையத்தில் ஒரே ஹைட்ரஜன். அது கழன்றதும் கீட்டோன் உண்டாகி அங்கேயே நின்றுவிடும். மூவிணையத்தில் கழலவே ஹைட்ரஜன் கிடையாது; சாதாரண நிலையில் அது அசையாது.

ஆக்சிஜனேற்றத்துக்கு மசியாத அதே மூவிணையம், இரண்டாவது பிணைப்பு உடையவேண்டிய இடத்தில் முதல் ஆளாக ஓடும். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹோவர்ட் லூகாஸ் 1930ல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டுகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீரற்ற துத்தநாகக் குளோரைடைக் கரைத்து, அதில் ஆல்கஹாலைச் சில சொட்டுகள் விடவேண்டும். மூவிணையம் என்றால் விட்ட உடனே கலங்கும். ஈரிணையத்துக்கு ஐந்து, பத்து நிமிடம் ஆகும். ஓரிணையம் அறை வெப்பத்தில் தெளிவாகவே நிற்கும். ஹைட்ராக்சில் முழுதாக நீராகப் பிரிந்து போகும்போது கார்பன் மேல் தங்கும் நேர்மின்சுமையை அண்டைக் கார்பன்கள் தணிக்கின்றன. மூன்று பேர் இருந்தால் தணிப்பு அதிகம். கலங்கலாகத் தெரிவது நீரில் கரையாத அல்கைல் குளோரைடு. கரையாத பெரிய ஆல்கஹால்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவை தொடக்கத்திலேயே கலங்கலாகத் தெரியும்.

மூன்றாவது பிரிவினை எண்ணிக்கை. ஒரு மூலக்கூறில் எத்தனை ஹைட்ராக்சில்? 1779ல் ஸ்வீடனின் கார்ல் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சூடாக்கியபோது ஓர் இனிப்பான திரவம் கிடைத்தது, கிளிசரால். 1850களில் பிரான்சின் மார்சலென் பெர்த்தலோ அது மூன்று அமில மூலக்கூறுகள்வரை ஏற்கும் என்று காட்டினார். எத்தனால் ஒன்றை ஏற்கிறது, கிளிசரால் மூன்றை ஏற்கிறது. இரண்டை ஏற்பது எங்கே என்று கேட்டார் இன்னொரு வேதியியலாளரான அடோல்ஃப் வூர்ட்ஸ். தேடவில்லை, தானே செய்தார். 1856ல் எத்திலீன் அயோடைடையும் வெள்ளி அசிட்டேட்டையும் வினைபுரியச் செய்து எத்திலீன் கிளைக்காலைப் பெற்றார். ஹைட்ராக்சில் கூடக் கூட மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன: எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், கிளைக்கால் 197ல், கிளிசரால் 290ல். திரவம் கெட்டியாகிறது, நாவில் இனிக்கிறது. ஆறு ஹைட்ராக்சில் கொண்ட சார்பிட்டால் பற்பசையை உலரவிடாமல் வைத்து, இனிப்பும் தருகிறது.

இந்த இனிப்பையும் கெட்டித்தன்மையையும் மட்டும் பார்த்து ஏமாந்ததால் உலகம் நிறைய உயிர்களைப் பறிகொடுத்திருக்கிறது. இருமல் மருந்துகளில் கரைப்பானாகச் சேர்க்கத் தக்கவை கிளிசராலும் புரோப்பிலீன் கிளைக்காலும். அவற்றின் இடத்தில் சில வேளை வந்து உட்கார்ந்துவிடுவது டைஎத்திலீன் கிளைக்கால். பார்வைக்கும் சுவைக்கும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உடலுக்குள் கல்லீரல் நொதிகள் செய்வதும் ஆக்சிஜனேற்றமே. அங்கே எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். புரோப்பிலீன் கிளைக்காலில் ஒரு ஹைட்ராக்சில் ஓரிணையம், மற்றது ஈரிணையம். ஓரிணைய முனை ஆக்சிஜனேற்றம் அடைந்து, தசைகள் தினமும் உண்டாக்கும் அதே லாக்டிக் அமிலமாகிறது. உடலுக்கு அதைக் கையாளத் தெரியும். எத்திலீன் கிளைக்காலில் இரண்டும் ஓரிணையம். இரு முனையும் அமிலமாகி ஆக்சாலிக் அமிலம் பிறக்க, கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தில் படிகின்றன. டைஎத்திலீன் கிளைக்காலிலும் இரண்டு முனைகளும் ஓரிணையம், நடுவில் ஓர் ஈதர் ஆக்சிஜன். அது டைகிளைக்காலிக் அமிலமாகிச் சிறுநீரகக் குழல்களின் செல்களைக் கொல்கிறது.

ஒரு கார்பன் மட்டும் கொண்ட மெத்தனாலின் கதையும் இதுதான். அதே நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்குகிறது, மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அடுத்த படியில் முதலாவது அசிட்டிக் அமிலமாகி உடலில் எரிந்துபோகிறது. இரண்டாவது ஃபார்மிக் அமிலமாகித் தேங்கிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கும் கண் போகும் ஆபத்து உண்டு. மருத்துவர்கள் கொடுக்கும் ஃபோமெபிசோல் அந்த நொதியை அடைத்து நிறுத்துகிறது. கண்ணைக் கெடுப்பது மெத்தனால் மாறி ஆகும் அமிலம் என்பதால், மாறாமல் தடுத்துவிட்டால் உயிரையும் பார்வையையும் காக்க நேரம் கிடைக்கும்.

1937ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் குழந்தைகள். மறு ஆண்டே அந்த நாடு உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டத்தை இயற்றியது. பாடம் அங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் 1986ல் மும்பையில் ஒரு மருத்துவமனைக்கு வந்த கிளிசராலில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. 2022ல் காம்பியாவில் இதே போன்ற கலப்படத்தால் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தனர். 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரிந்தது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அதில் 48 சதவீதத்துக்கும் மேல் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது.

தடுக்கும் வழி கடினமானதல்ல. வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவியில் ஒரு சொட்டுச் செலுத்தினால், கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டைஎத்திலீன் கிளைக்கால் மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வந்து தனித்தனி முகடுகளாகப் பதிவாகும். எத்திலீன் கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் ஒவ்வொன்றும் 0.10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க மருந்துத் தரநூலின் வரம்பு. அந்த நூல் இந்தச் சோதனையை மாசுகளின் பட்டியலில் வைக்கவில்லை. பொருள் இன்னதுதான் என்று உறுதி செய்யும் அடையாளச் சோதனைகளோடு வைத்திருக்கிறது. இதில் தேறாத பீப்பாயை, மேலே என்ன சீட்டு ஒட்டியிருந்தாலும், கிளிசரால் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.